சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோகும் சின்னப் பிஸ்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரில், பெற்றோல் நிலையத்தோடு ஒட்டின ஒரு கடையில் ஒன்பது வருடம் இரவு வேலை செய்தேன். அதில் ஏழு வருடம், 2016இலிருந்து, அனுமதிப்பத்திரத்தோடு இடுப்பில் ஒரு பிஸ்டல் இருந்தது. இப்போது யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருக்கிறேன். திரும்பி வந்த நாளிலிருந்து, நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், அமெரிக்காவுக்குப் போக நிற்கிற பெடியள், கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை வைத்திருக்கிற நண்பர் என்று எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பிழையான விளக்கத்தோடு ஒருவர் துவக்கை வாங்கிப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வைப்பதை நினைத்தால் எனக்கு நித்திரை வராது. அதனால்தான் இருந்து எழுதினேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். நான் பாவிக்கும் நாலு சொல்லை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ரவை என்றால் சுடுவதற்கு முன் உள்ள முழுத் தோட்டா. சன்னம் என்றால் குழாயால் பறந்துபோகும் துண்டு. கோது என்றால் சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூடு. ரவைக்கூடு என்றால் பிடிக்குள் செருகும் மகசீன்.

அண்ணை, பிஸ்டல், ரிவோல்வர், செமி ஓட்டோமற்றிக் எண்டு சொல்லுகினம், எல்லாம் ஒண்டுதானே?

இல்லை. ரிவோல்வரில் ஐந்தோ ஆறோ ரவை போடும் உருளை இருக்கும். விசையை இழுக்க அந்த உருளை சுற்றி அடுத்த ரவையைக் குழாய்க்கு நேரே கொண்டுவரும். சுட்ட கோதுகள் உருளைக்குள்ளேயே கிடக்கும், நாங்கள்தான் தட்டிக் கொட்டவேண்டும்.

செமி ஓட்டோமற்றிக் பிஸ்டலில் ரவைகள் பிடிக்குள் இருக்கும் ரவைக்கூட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சுட்டவுடன் மேற்பகுதி, அதாவது ஸ்லைட், வெடியின் உதைப்பால் பின்னுக்குப் போய்க் கோதை வெளியே எறியும், பிறகு உள்ளேயிருக்கும் சுருள்வில் அதை முன்னுக்குத் தள்ளும்போது அடுத்த ரவையைத் தூக்கிக் குழாயின் அறைக்குள் போடும். இவ்வளவும் கண் வெட்டும் நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அடுத்த வெடிக்கு விசையை விட்டுத் திரும்ப இழுக்கவேண்டும். ஒரு இழுப்புக்கு ஒரு வெடி, அதுதான் "செமி". ரி-56 போன்ற இராணுவத் துவக்கில் விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ரவை முடியும்வரை பாயவைக்கலாம், அது வேறு இனம், சட்டமும் வேறு.

இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றின் உள்வேலை, சுட்டவுடன் குழாய் சற்றுச் சரிந்து ஸ்லைட்டை விடுவிக்கும் முறை, ஜோன் பிரவுனிங் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. அவர் 1926இல் இறந்துவிட்டார். நூறு வருடமாக அதைவிட நல்ல வழியை எவரும் பெரிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

கொம்பக்ட் எண்டால் எவ்வளவு சின்னது? ஆக்களுக்குத் தெரியாமல் வைக்கலாமோ?

ஒஸ்ட்ரியாவின் கிளொக் நிறுவனம் 1982இல் இராணுவத்துக்கென்று செய்த கிளொக் 17தான் முழு அளவு. அதைக் குறுக்கி 1988இல் கிளொக் 19ஐக் கொண்டுவந்தார்கள். குழாய் 102 மி.மீ., ரவைக்கூட்டில் 15 ரவை. "கொம்பக்ட்" என்று சொல்லும்போது எல்லாரும் மனதில் வைத்திருப்பது இந்த அளவைத்தான். நான் வைத்திருந்ததும் இதுதான்.

அதற்கும் கீழே ஒரு வகுப்பு இருக்கிறது. 1995இல் வந்த கிளொக் 26 கட்டையானது, ஆனால் தடிப்பு. 2015இல் வந்த கிளொக் 43 மெல்லியது, ஆனால் ஆறு ரவைதான். மெல்லிசு வேண்டுமென்றால் ரவையை விடு, ரவை வேண்டுமென்றால் தடிப்பைச் சும என்றுதான் இருந்தது. 2018இல் சிக் சோவர் பி365 வந்து அந்தக் கணக்கை மாற்றியது. ரவைக்கூட்டின் அடியில் ரவைகள் இரட்டை வரிசையாகவும் மேலே ஒற்றை வரிசையாகவும் ஒடுங்கி வரும்படி செய்து, ஒரு கைத்தொலைபேசியின் நீளமும் அரைக் கிலோ எடையும் மட்டுமே உள்ள துவக்குக்குள் 10 ரவையை அடக்கினார்கள். அடுத்த வருடமே ஸ்பிறிங்ஃபீல்ட் ஹெல்காட் 11 ரவையோடு வந்தது, 2021இல் ஸ்மித் அன்ட் வெஸ்ஸன் ஷீல்ட் பிளஸ் வந்தது. மறைக்கலாமா என்றால், ஒரு தளர்ந்த சேர்ட்டின் கீழே இவை எல்லாமே மறையும். அரை அங்குல நீளத்தைவிட நல்ல இடுப்புப் பட்டியும் சரியான உறையும்தான் முக்கியம்.

சின்னது எண்டால் சுடுறதும் சுகம்தானே? பொம்பிளையளுக்குச் சின்னதுதான் நல்லம் எண்டு கடையில சொன்னவங்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் முழுவதையும் எழுதத் தொடங்கினேன் என்றே சொல்லலாம். எல்லாரும் இதைத் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள். ஒளிப்பதற்குச் சுகமானதுதான் சுடுவதற்கு மிகவும் கஷ்டமானது. ரவை ஒன்றேதான், அதன் உதைப்பும் ஒன்றேதான், தாங்குகிற துவக்கின் எடை குறையக் குறைய அந்த உதைப்பு முழுவதும் கைக்கு வரும். பிடி கட்டையென்றால் சின்னி விரலுக்கு இடமிருக்காது, இரண்டு விரலால் இறுக்கவேண்டும். குறி பார்க்கத் துவக்கின் மேலே உள்ள முன் முனைக்கும் பின் முனைக்கும் இடைவெளி குறைவதால் கை ஒரு மயிரளவு ஆடினாலும் சன்னம் எங்கேயோ போகும்.

முதல் நாள் பயிற்சிக்கூடத்தில் கிளொக் 19ஐயும் கிளொக் 43ஐயும் வாடகைக்கு எடுத்தேன். ஏழு யார் தூரம், எங்கள் வீட்டு விறாந்தையில் நின்று கிணற்றடியைப் பார்ப்பது போன்ற தூரம். பெரியதால் சுட்டவை ஒரு பாதித் தேங்காய்க்குள் அடங்கின. சின்னதால் சுட்டவை சுளகளவு பரவிக் கிடந்தன, மூன்று தாளிலேயே படவில்லை. ரவைக்கூடு நாலு முடிவதற்குள் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள தோல் சிவந்து எரியத் தொடங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் மறைக்கிற கஷ்டத்தை நான் ஏற்றுக்கொண்டு பெரியதை வாங்கினேன்.

பெண்கள், வயதுபோனவர்கள் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. சின்னத் துவக்கின் சுருள்வில் பொதுவாக இறுக்கமாக இருக்கும், ஸ்லைட்டைப் பின்னுக்கு இழுப்பதே பெரும்பாடு. மூட்டுவாதம் உள்ள கையால் முடியவே முடியாது. இதற்கென்றே ஸ்மித் அன்ட் வெஸ்ஸன் 2018இல் ஷீல்ட் ஈஸி என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அளவில் கொஞ்சம் பெரியது, இழுப்பு இலகு. உங்கள் மனைவிக்கோ அக்காவுக்கோ என்றால் அவரையே கூட்டிப்போய் அவர் கையால் ஸ்லைட்டை இழுத்துப் பார்க்க விடுங்கள். கடைக்காரனும் நீங்களும் தெரிந்தெடுத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

9 மில்லிமீற்றர் காணுமோ? .45 தான் ஆளை விழுத்தும் எண்டு ஒராள் சொன்னார்.

9 மி.மீ. ரவை ஒஸ்ட்ரியரான கியோர்க் லூகர் 1902 அளவில் உருவாக்கியது. .45, அதாவது 0.45 அங்குல விட்டமுள்ளது, அமெரிக்க இராணுவத்தின் 1911 பிஸ்டலோடு பெயர் எடுத்தது. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பக்கத்து 9 மி.மீ. சன்னம் ஒன்று போதிய ஆழம் போகவில்லை என்று ஆய்வில் தெரிந்ததால் 10 மி.மீ.க்கும், பிறகு .40க்கும் மாறினார்கள். அதோடு, ஜெலி போன்ற ஒரு கட்டிக்குள் சன்னம் 12 முதல் 18 அங்குலம் போகவேண்டும் என்ற சோதனையையும் கொண்டுவந்தார்கள். சன்னம் செய்யும் முறை முன்னேற, 9 மி.மீ.யே அந்தச் சோதனையில் நன்றாகத் தேறியது, 2010களின் நடுவில் அதே எஃப்.பி.ஐ. 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது. உதைப்புக் குறைவு, ரவை கூட, ஆட்கள் திருத்தமாகச் சுடுகிறார்கள். ஆளை விழுத்தும் மந்திர ரவை என்று ஒன்றில்லை. எங்கே பட்டது என்பதுதான் கணக்கு.

.380 என்பது 1908இலிருந்து இருக்கிறது. சன்னத்தின் விட்டம் அதே 9 மி.மீ.தான், கோதின் நீளம் 19க்குப் பதிலாக 17 மி.மீ. வெடிமருந்து குறைவு, வேகமும் குறைவு. 9 மி.மீ. உதைப்பு உண்மையிலேயே தாங்க முடியாதவர்களுக்கு அது பரவாயில்லை.

நுனியில ஓட்டை உள்ள சன்னம் சட்டவிரோதம் இல்லையோ? யுத்தத்தில பாவிக்கக்கூடாது எண்டு படிச்சனாங்கள்.

யுத்தத்தில் பாவிக்கக்கூடாது என்பது சரி. நுனியில் ஓட்டை உள்ள சன்னம் உடலுக்குள் போனால் விரியும். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம் என்ற இடத்திலிருந்த பிரித்தானிய ஆயுதசாலையில் உடலுக்குள் போய் விரியும் சன்னம் செய்தார்கள், அந்த ஊர்ப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் அப்படிப்பட்டவற்றை நாடுகளுக்கிடையிலான யுத்தத்தில் தடுத்தது. உள்நாட்டில் பொலிசாரும் பொதுமக்களும் பாவிப்பதற்கு அந்தப் பிரகடனம் பொருந்தாது, அமெரிக்காவில் பொலிசாரே இதைத்தான் கொண்டு திரிகிறார்கள்.

காரணம் இரக்கமில்லாத்தனம் இல்லை. முழுச் செம்பு மூடிய சன்னம் ஒரு ஆளுக்குள்ளால் போய், பின்னால் நிற்கிற ஆளிலும் படும். நான் நின்ற கடையின் பின்சுவர் மெல்லிய பலகை, அதற்கு அப்பால் ஒரு குடும்பம் சாப்பாட்டுக்கடை நடத்தியது. விரியும் சன்னம் உள்ளேயே நிற்க வாய்ப்புக் கூட. ஆனால் குறி தப்பினால் எந்தச் சன்னமும் அந்தப் பலகையைத் துளைக்கும், அதை மறக்கக்கூடாது.

கிளொக்கில பூட்டு இல்லையாமே? கீழ விழுந்தால் வெடிக்காதோ?

விரலால் தட்டும் வெளிப்பூட்டு இல்லை. விசையின் நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், விரல் அதையும் சேர்த்து அழுத்தினால்தான் விசை பின்னுக்கு வரும். அதோடு உள்ளே இரண்டு தடைகள், ஒன்று ரவையின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் குத்தூசியை மறிக்கும், மற்றது விழும்போது வெடிக்காமல் காக்கும். மூன்றும் விசையை இழுக்கும்போதுதான் விலகும். ஆகவே விழுந்தால் வெடிக்காது, ஆனால் விசைக்குள் எது போய் இழுத்தாலும், விரலோ சேர்ட்டின் நுனியோ ஜக்கெற்றின் கயிறோ, வெடிக்கும்.

எல்லாத் துவக்கையும் அப்படி நம்பவும் கூடாது. 2017இல் சிக் சோவர் பி320 சில கோணங்களில் விழுந்தால் வெடிக்கிறது என்று தெரியவந்து, அந்த நிறுவனம் உள்பாகங்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. விழுகிற துவக்கை எட்டிப் பிடிக்கப் போகாதீர்கள், விடுங்கள் விழட்டும். பிடிக்கப் போகிற கையின் விரல்தான் விசைக்குள் மாட்டும்.

வெறுந்துவக்குத்தான் எண்டு எப்பிடி நிச்சயப்படுத்திறது?

ஒழுங்குமுறை மாறக்கூடாது. முதலில் ரவைக்கூட்டைக் கழற்றி எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்லைட்டை இழுக்கவேண்டும், அறைக்குள் இருந்த ரவை வெளியே விழும். பிறகு ஸ்லைட்டைத் திறந்தபடி நிறுத்தி, கண்ணால் பார்த்து, சின்னி விரலை விட்டுத் தடவியும் பாருங்கள். இதை மாறிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், முதலில் ஸ்லைட்டை இழுத்து ஒரு ரவை விழுவதைப் பார்த்து "சரி, வெறுமை" என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் ரவைக்கூடு உள்ளே இருப்பதால் அந்த இழுப்பே அடுத்த ரவையை அறைக்குள் ஏற்றியிருக்கும். "வெறுந்துவக்கு" வெடித்தது என்று கேள்விப்படுகிற கதைகளில் பல இப்படித்தான்.

ஜெஃப் கூப்பர் என்ற பயிற்சியாளர் பரப்பிய நாலு விதிகளை எனக்குப் படிப்பித்தவர் ஒவ்வொரு வகுப்பிலும் வாயால் சொல்ல வைப்பார். எந்தத் துவக்கையும் ரவை ஏற்றியதாகவே நினை. அழிக்க விரும்பாத எதையும் நோக்கிக் குழாயைத் திருப்பாதே. குறி பார்த்து முடியும்வரை விரலை விசைக்கு வெளியே வை. குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். வகுப்பில் நாற்பது வயதுக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல் சேர்ந்து சொன்னோம், இப்போதும் எனக்கு நித்திரையில் கேட்டாலும் வரும்.

அறைக்குள்ள ரவையை ஏத்திக்கொண்டே திரியிறதோ? பயமில்லையோ?

அங்கே அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் ஏற்றித்தான் வைத்திருப்பார்கள். தேவை வந்தால் இரண்டு கையும் ஓய்வாக இருக்காது, ஒரு கை ஆளைத் தள்ளிக்கொண்டிருக்கும், ஸ்லைட்டை இழுக்க நேரமிருக்காது. நானும் ஏற்றித்தான் வைத்திருந்தேன், ஆனால் முதல் மூன்று மாதம் ஏற்றவில்லை. வீட்டில் வெறுந்துவக்கை உறைக்குள் வைத்துக்கொண்டு இருந்து எழும்பி, சமைத்து, குனிந்து சப்பாத்துக் கட்டி, ஒரு நாளாவது குத்தூசி தானாகத் தட்டியதா என்று பார்த்தேன். தட்டவில்லை. அதற்குப் பிறகுதான் துணிந்தேன். உங்கள் மனம் ஒப்பாவிட்டால் ஏற்றாதீர்கள், பயத்தோடு திரிகிறவன் அடிக்கடி தொட்டுப் பார்ப்பான், அதுவே ஆபத்து.

உறை எதுக்கு? கால்சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சால் காணாதோ?

காணாது. உறையின் முதல் வேலை விசையை முழுவதுமாக மூடுவது. நான் தொடக்கத்தில் துணியில் தைத்த மலிவான உறை ஒன்று வாங்கினேன், இரண்டு மாதத்தில் வியர்வையில் ஊறி வாய் மடிந்து, துவக்கைத் திரும்ப வைக்கும்போது அந்த மடிப்பு விசைக்குள் போகப் பார்த்தது. கண்டதும் கடாசிவிட்டு, கைடெக்ஸ் என்ற கடினப் பிளாஸ்டிக்கில் அந்தத் துவக்கின் வடிவத்துக்கே வார்த்தது ஒன்றை வாங்கினேன். துவக்கை உறைக்குள் திரும்ப வைப்பதற்கு எந்த அவசரமும் இல்லை, குனிந்து பார்த்து ஆறுதலாக வையுங்கள்.

ஹியூஸ்டன் வெக்கை எங்கள் சித்திரை வெயில் மாதிரித்தான், புழுக்கம் இன்னும் கூட. உடம்போடு ஒட்டியிருக்கும் உலோகம் வியர்வை உப்பில் துருப்பிடிக்கும். கிழமைக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போடவேண்டும்.

ஹான்ட்பாக்கில வைக்கலாம்தானே? அதுக்கெண்டே பாக் விக்குது.

விற்கிறது, ஆனாலும் வேண்டாம். பையைக் கதிரையில் மாட்டிவிட்டு எழும்புவீர்கள், கள்ளன் முதலில் பறிப்பதும் அதைத்தான். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில், ஒரு தாய் இரண்டு வயது மகனைப் பொருட்கள் வைக்கும் வண்டிலில் இருத்திக் கடைக்குள் போய்க்கொண்டிருந்தார். பிஸ்டல் வைப்பதற்கென்றே தனி அறை தைத்த கைப்பை பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளை அதைத் திறந்து எடுத்து அழுத்த, தாய் அந்த இடத்திலேயே இறந்துபோனார். அனுமதி உள்ளவர், துவக்குப் பழகியவர். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கினம், அலுமாரிக்கு மேல வைச்சால் காணுமோ?

எங்கள் பிள்ளைகள் அலுமாரிக்கு மேலிருந்த பலகாரப் போத்தலை எடுக்காமல் விட்டதுண்டா? உடம்பில் இல்லாத நேரம் துவக்கு பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கவேண்டும். எண்கள் அழுத்தித் திறக்கும் சின்னப் பெட்டிகள் இருக்கின்றன, கட்டில் காலோடு கம்பியால் பிணைத்துவிடலாம்.

பெரியவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும், இதை எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் துவக்கால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்து, நித்திரையில்லாமல், கடனிலோ பிரிவிலோ தவிக்கிறார் என்றால் அந்த வீட்டில் துவக்கு இருக்கக்கூடாது. அது நீங்களாக இருந்தாலும் அப்படித்தான். என்னோடு அறையில் இருந்த தம்பி ஒருவர் தகப்பனை இழந்து ஊருக்கு வரவும் முடியாமல் இருந்த மாதங்களில் என் பிஸ்டலை வேறு இடத்தில் பூட்டி வைத்தேன். அவரிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னேன், அவர் கோபிக்கவில்லை.

எவ்வளவு பழகோணும்? இறுகி நிண்டால் என்ன செய்யிறது?

செமி ஓட்டோமற்றிக்கில் இறுகுவது நடக்கும். கோது முழுவதாக வெளியேறாமல் ஸ்லைட்டின் வாயில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும், அல்லது இரண்டு ரவை ஒன்றாக நுழையப் பார்க்கும். மணிக்கட்டைத் தளரப் பிடித்தாலே இது வரும், ஏனென்றால் ஸ்லைட் பின்னுக்குப் போக, பிடி அசையாமல் நிற்கவேண்டும். சின்னத் துவக்கில் இது இன்னும் கூட. பழகும்போதுதான், கோது நட்டுக்கொண்டு நின்றால் ரவைக்கூட்டின் அடியில் தட்டி ஸ்லைட்டை இழுத்து விடும் பழக்கம் கைக்கு வரும். புதுத் துவக்கென்றால் நீங்கள் கொண்டு திரியப்போகும் அதே ரவையில் நூறு இருநூறாவது பிசகில்லாமல் சுட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள். நான் மாதம் ஒருமுறை ஐம்பது ரவை சுட்டேன். அதற்கும் கையில் காசில்லையென்றால் துவக்கு வாங்கவே அவசரப்படாதீர்கள்.

டெக்சாஸில இப்ப லைசென்ஸ் தேவையில்லையாம், பிறகேன் வகுப்புக்குப் போவான்?

2021 செப்டெம்பர் 1இலிருந்து 21 வயதுக்கு மேற்பட்ட, சட்டத்தடை இல்லாதவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே அங்கே பிஸ்டல் கொண்டு திரியலாம், அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இப்போது அப்படித்தான். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் நியூயோர்க் வழக்கு ஒன்றில், பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு உரிமை என்றே தீர்ப்பளித்தது. ஆனாலும் வகுப்புக்குப் போங்கள். பத்திரம் இருந்தால் அதை ஏற்கும் மற்ற மாநிலங்களிலும் செல்லும். அதைவிட, எங்கே கொண்டுபோகக் கூடாது என்று வகுப்பில்தான் வடிவாக விளங்கும். வருமானத்தில் 51 வீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவால் வரும் இடத்தில் சிவப்பு எழுத்தில் "51%" என்று பலகை இருக்கும், அதற்குள் துவக்கோடு போகக்கூடாது. பரீட்சை கடினமில்லை: 3, 7, 15 யார் தூரத்திலிருந்து மொத்தம் 50 ரவை, 250 புள்ளியில் 175 எடுத்தால் சரி.

நான் எச்-1பி விசாவில போறன், வாங்கலாமோ மாமா?

பொதுவாக முடியாது. குடியேற்றமில்லாத விசாவில் நுழைந்தவர் துவக்கோ ரவையோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது, எச்-1பி என்ற வேலை விசாவும் மாணவர் விசாவும் அதற்குள் அடங்கும். வேட்டை அனுமதிப்பத்திரம் உள்ளவர் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை நண்பரின் வாய்ச்சொல்லில் நம்பாமல் குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேளுங்கள், பிழைத்தால் சிறையும் நாடுகடத்தலும்தான். நிரந்தரமாக இருக்க அனுமதிக்கும் கிறீன் கார்ட் கிடைத்த பிறகு வாங்கலாம், நானும் அதற்குப் பிறகுதான் வாங்கினேன். இன்னொன்று, மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வம் என்றாலும், அதைப் பாவிக்கிறவர் துவக்கு வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம்.

கனடாவில இருக்கிற மச்சான் ஒண்டு வாங்கப்போறன் எண்டு நிக்கிறான்.

நிற்கட்டும், கிடைக்காது. கனடாவில் 2022 ஒக்டோபர் 21இலிருந்து கைத்துப்பாக்கிகளை விற்பது, வாங்குவது, கைமாற்றுவது எல்லாம் முடக்கப்பட்டுவிட்டது, 2023 டிசம்பரில் அது சட்டமாகவே நிறைவேறியது. அதற்கு முன்பும் தற்காப்புக்கென்று இடுப்பில் கொண்டு திரிய அனுமதி கிடைப்பது மிக அரிது. 105 மி.மீ. அல்லது அதைவிடக் கட்டையான குழாய் உள்ளவை அங்கே தடை, அதற்காகவே கிளொக் 19க்கு 106 மி.மீ. குழாய் போட்டுக் கனடாவுக்குத் தனியாகச் செய்தார்கள்.

பிரித்தானியாவில், டன்பிளேன் பள்ளியில் 1996இல் 16 பிள்ளைகளும் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்டது, வட அயர்லாந்து மட்டும் வேறு. அவுஸ்திரேலியாவில் தற்காப்பு என்பது துவக்குக்கு ஏற்றுக்கொள்ளும் காரணமே அல்ல. சுவிஸில் அனுமதி எடுத்து வாங்கி வீட்டில் வைக்கலாம், ஆனால் கொண்டு திரிவதற்கு உண்மையான ஆபத்து இருப்பதைக் காட்டிப் பரீட்சையும் பாஸ் பண்ணவேண்டும். இந்தியாவில் 9 மி.மீ. பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு, அதனால் உரிமம் உள்ளவர்கள் பெரும்பாலும் .32 தான் வைத்திருப்பார்கள்.

பிஸ்டலைக் கண்டு பயந்த ஊரில இருந்துகொண்டு இதைப்பற்றி ஏன்ரா எழுதுறாய்?

இது அம்மா கேட்டது. எங்கள் ஊரில் ஒரு தலைமுறைக்கு அந்தச் சொல் என்றால் சைக்கிளில் வந்து படலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இரண்டு பேர்தான். சேர்ட்டை வெளியே விட்டபடி யாராவது ஒழுங்கைக்குள் நின்றால் அம்மா யன்னலைச் சாத்துவார், இப்போதும் சாத்துகிறார். ஹியூஸ்டனில் நான் சேர்ட்டை வெளியே விட்டபடி நின்ற ஏழு வருடமும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. பயந்தவர்களின் பிள்ளைகள்தான் இப்போது இதைக் கேட்கிறார்கள் அம்மா, அவர்களுக்குச் சரியாகச் சொல்ல ஒருவர் வேண்டும் என்றேன். ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார்.

எனக்கு நகைக்கடை இருக்கு. யாழ்ப்பாணத்தில லைசென்ஸ் எடுக்கலாமோ?

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம்தான் இன்னமும் அடிப்படை, 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. கைத்துப்பாக்கிக்கு அனுமதி பாதுகாப்பு அமைச்சின் கையில், வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். உயிருக்கு ஆபத்து என்பதை நிரூபிக்காமல் கிடைக்காது. 2024 இறுதியில், தற்காப்புக்கென்று முன்பு கொடுத்தவற்றையே மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி அமைச்சு கேட்டது. நண்பருக்கு நான் சொன்னது: நல்ல கமரா, இரும்புக்கதவு, மாலையில் தங்கத்தை வங்கிப் பெட்டகத்துக்கு மாற்றுதல், காப்புறுதி. தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தன்னையும் தன் பொருளையும் காக்கும் உரிமையைத் தருகின்றன, ஆனால் தேவைக்கு மிஞ்சிய பலத்தை அவை காப்பாற்றாது.

அனுமதியில்லாமல் யாரிடமாவது வாங்கித் தரலாமா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, தயவுசெய்து கேட்கவேண்டாம்.

காணி துப்புரவாக்கேக்கை ஒரு பழைய பிஸ்டல் வந்தது, கறள் பிடிச்சது, வைச்சிருக்கலாமோ?

தொடவே வேண்டாம். கறள் பிடித்த துவக்குக்குள் ரவை இருக்கலாம், அதற்குப் பக்கத்து மண்ணில் வேறு என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும். முகமாலையில் இத்தனை வருடம் கண்ணிவெடி அகற்றினார்கள் என்பதை நாங்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள். வேலையை நிறுத்தி, இடத்தில் ஒரு தடியை நட்டு அடையாளம் வைத்து, வந்த வழியாலேயே திரும்பி, பொலிசின் 119க்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். நினைவுக்கென்று ஷோகேசில் வைத்தாலும் சட்டப்படி அது அனுமதியில்லாத துவக்குத்தான்.

அங்கயிருந்து வரேக்கை கொண்டுவரலாமோ?

இல்லை. நான் வர முதல் உரிமம் உள்ள கடையில் விற்றுவிட்டேன். கவனிக்கவேண்டியது பை. பயிற்சிக்கூடத்துக்குக் கொண்டுபோன பையையே பயணப்பையாக்காதீர்கள், ஓரத் தையலுக்குள் ஒரு ரவை கிடந்தாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெரிய பிரச்சினை. மறதி எவ்வளவு பெரியது என்றால், 2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,700க்கு மேற்பட்ட துவக்குகள் கைப்பைகளில் பிடிபட்டன, பெரும்பாலானவை ரவை ஏற்றியபடி.

வெருட்டுறதுக்கு மேல ஒரு வெடி வைக்கலாம்தானே? நீங்கள் எப்பவாவது எடுத்தனீங்களோ?

மேலே போன சன்னம் கீழேதான் வரும், நிலத்தில் சுட்டால் தெறிக்கும். உயிராபத்து இருந்ததால் சுட்டேன் என்று சொல்லவேண்டிய இடத்தில், வெருட்டச் சுட்டேன் என்றால் உயிராபத்து இருக்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சுடவேண்டி வந்தாலும் அத்தோடு முடியாது, பொலிஸ், சட்டத்தரணி, மாதக்கணக்கில் நீதிமன்றம்.

நான் எடுத்தேனா என்றால், ஒரு இரவு இரண்டரை மணிக்கு ஒருவன் கத்தியோடு வந்தான். இருபது வயதுகூட இருக்காது, கை நடுங்கியது. எங்கள் இருவருக்கும் நடுவில் மேசை இருந்தது, குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் பால் வாங்க வந்த ஒரு மனிசி நின்றார், நான் சுட்டால் சன்னம் போகும் கோட்டிலேயே நின்றார். லாச்சியைத் திறந்து இருந்த காசு முழுவதையும் மேசையில் வைத்தேன். அவன் எடுத்துக்கொண்டு ஓடும்போது இனிப்புத் தட்டைத் தட்டி விழுத்திவிட்டுப் போனான். பொலிஸ் வந்து கமராவைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிசியும் நானும் குந்தியிருந்து இனிப்புகளைப் பொறுக்கினோம். பிஸ்டல் உறைக்குள் இருந்தபடியே இருந்தது.